மெட்டு பழசு, பேண்டு புதுசு

கேள்வி இதுதான்: "செல்டிக் நாட்டுப்புற இசைக்குழு ஒன்றின் ஆல்பம் கேட்டேன். பாட்டே கிடையாது, முழுக்க வாத்தியம். முதல் பத்து நிமிடம் துள்ள வைத்தது. அப்புறம் எல்லாம் ஒரே மெட்டு மாதிரி ஆகிவிட்டது. அட்டையில் 'பாரம்பரியமும் நவீனமும்' என்று போட்டிருக்கிறார்கள். இதில் எது பாரம்பரியம், எது நவீனம்? கர்நாடக சங்கீதம் ஓரளவு தெரியும்."

கடைசி வரியைப் படித்ததும் நிம்மதியாகிவிட்டது. பாதி வேலை முடிந்தது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட மெட்டுகள் பழையவை. ஆனால் பலரும் கற்பனை செய்கிற அளவுக்குப் பழையவை கிடையாது. அவற்றை ஐந்தாறு பேர் சேர்ந்து, கிதார் பின்னணியோடு, மேடையில் கேட்பவர்களுக்காக வாசிக்கிற பழக்கம் 1960க்குப் பிறகு வந்தது. அதனால் ஒரு பேண்டு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் போதாது. மெட்டுக்கு அடியில் என்ன ஓடுகிறது, ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் என்ன நடக்கிறது, இந்த இரண்டையும் கேளுங்கள். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

ஒரே மாதிரி கேட்பதற்குக் காரணம் எளிது. இது ஆடுவதற்கு வந்த இசை. ஆடுகிறவர் காலுக்கு அளவு மாறக் கூடாது. அயர்லாந்து மெட்டு ஒன்றை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பகுதி இருக்கும். ஒவ்வொன்றும் எட்டு ஆவர்த்தனம் மாதிரி எட்டு 'பார்'. முதல் பகுதி இரண்டு தடவை, இரண்டாம் பகுதி இரண்டு தடவை, ஆக 32 பார். இரண்டாம் பகுதி பொதுவாக மேல் ஸ்தாயியில் ஏறும்; பல்லவி முடிந்து அனுபல்லவிக்கு ஏறுகிற மாதிரி. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை நிமிடம். அதை இரண்டு அல்லது மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டைக் கோத்தால் ஒரு 'செட்'. நீங்கள் ஒரே பாட்டு என்று நினைத்த நான்கு நிமிடத்துக்குள் மூன்று தனி மெட்டுகள் இருந்திருக்கும்.

நடையைப் பிடிக்க நம் சொற்கட்டே போதும். தகதிமி தகதிமி என்று ஓடினால் ரீல். தகிட தகிட என்று உருண்டால் ஜிக். தகிட மூன்று தடவை வந்து ஒரு சுற்று முடிந்தால் ஸ்லிப் ஜிக், மொத்தம் ஒன்பது. தகதிமியே கொஞ்சம் நொண்டி நொண்டி, நிதானமாக வந்தால் ஹார்ன்பைப். இவை போக, அயர்லாந்தில் கார்க், கெர்ரி மாவட்டங்கள் சேரும் ஸ்லீவ் லூக்ரா பகுதியில் போல்காவும் ஸ்லைடும் அதிகம். ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒன்று உண்டு. அதில் குறில் முதலில் வெட்டி, நெடில் பின்னால் நீளும். நீள-குறுகலுக்குப் பழகிய காதில் அந்தத் தலைகீழ் வெட்டு சுள்ளென்று உறைக்கும். ஒரு வாரம் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். 'எல்லாம் ஒரே மாதிரி' என்பதில் பாதி அதிலேயே போய்விடும்.

தொடையில்தான், மேஜையில் வேண்டாம். கால்வே நகரத்தில் ஒரு பப்பில் நான் இந்தத் தவறைச் செய்தேன். மூலையில் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். இதைத்தான் 'செஷன்' என்பார்கள். மேடை, மைக் எதுவும் கிடையாது. ஜிக் ஓடிக்கொண்டிருந்தது. என் விரல்கள் தானாக மேஜை விளிம்பில் தகிட போட ஆரம்பித்தன. பக்கத்தில் கான்செர்டினா வாசித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு சொல் சொல்லவில்லை. துருத்தியை இழுத்துக்கொண்டே என் விரல்களைப் பார்த்தார். பிறகு எதிரே தோல்வாத்தியக்காரரைப் பார்த்தார். மறுபடி என் விரல்களைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வட்டத்துக்கு ஒரு தாளக்காரர் போதும் என்பது எழுதாத சட்டம். அந்தத் தோல்வாத்தியத்தின் பெயர் பௌரான். ஆட்டுத்தோல் கட்டிய அகலமான வட்டச் சட்டம். ஒரு கையில் சின்னக் குச்சி. மறு கை உள்ளே புகுந்து தோலை அழுத்தித் தளர்த்திச் சுருதியை ஏற்றி இறக்கும். அதை வாசிக்கச் சிறந்த கருவி பேனாக்கத்தி என்று ஒரு பழைய ஜோக் உண்டு. மற்ற வாத்தியக்காரர்கள் அதை இன்னும் ரசித்துச் சொல்கிறார்கள்.

சரி, எவ்வளவு பழசு? 'செல்டிக்' என்ற சொல்லைக் கேட்டாலே பனிமூட்டம், கல்வட்டம், மூவாயிரம் வருடம் என்று மனம் ஓடும். ஆல்பம் அட்டைக்காரர்களும் அதற்குத் தூபம் போடுவார்கள். 'செல்டிக்' என்பது அடிப்படையில் ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மான் தீவு, பிரான்சின் பிரிட்டனி ஆகிய இடங்களின் மொழிகள் அதில் வரும். இசைக்கு அந்தப் பெயர் ஒட்டியது மிகப் பின்னால், கடைகளில் ஒரு அடுக்குக்குப் பெயர் தேவைப்பட்டபோது. வாசிக்கிறவர்கள் 'ஐரிஷ் மியூசிக்', 'டியூன்' என்றுதான் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் 'டியூன்' மட்டும்தான்.

இன்று புழங்கும் நடன மெட்டுகளில் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தியாகராஜர், தீட்சிதர் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பிரபுக்களின் வீடுகளில் ஹார்ப் வாசித்த ஒரு மரபு இருந்தது. கண் பார்வையற்ற டர்லோ கரோலன் (1670–1738) அதன் கடைசிப் பெரிய பெயர்களில் ஒன்று. அந்த மரபு அழிந்துகொண்டிருந்தபோது, 1792இல் பெல்ஃபாஸ்ட்டில் எஞ்சியிருந்த ஹார்ப் கலைஞர்களைக் கூட்டினார்கள். அவர்கள் வாசித்ததை எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பன்டிங், வயது 19. நடன மெட்டுகளை அப்படிப் பெரிய அளவில் தொகுத்தவர் பிரான்சிஸ் ஓநீல். கார்க் மாவட்டத்தில் பிறந்து அமெரிக்கா போய், சிகாகோ நகரப் போலீஸ் தலைவரானவர். 1903இல் 1850 மெட்டுகள், 1907இல் நடன மெட்டுகள் மட்டும் 1001. போலீஸ்காரர் மெட்டுப் பிடித்தார் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, விட்டுவிடுகிறேன்.

இந்தக் காலம் முழுக்க இசை பெரும்பாலும் தனி ஆள் இசை. ஒரு ஃபிடில் (வயலின்தான்), அல்லது ஒரு புல்லாங்குழல், அல்லது ஒரு பைப் (காற்றுப்பை வைத்த குழல்). இரண்டு பேர் சேர்ந்தாலும் இருவரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். நம்மைப் போலவே ஒற்றை வரி இசை. அடியில் கார்டு, அதாவது பல ஸ்வரம் சேர்ந்தொலிக்கும் கூட்டு, கிடையாது. பிறகு மூன்று விஷயங்கள் நடந்தன. அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து 1914இல் அமெரிக்கா போன மைக்கேல் கோல்மன் 1920களில் கொடுத்த ஃபிடில் இசைத்தட்டுகள் கடல் தாண்டித் திரும்பி வந்தன. கிராமத்துக்கு ஒரு பாணி என்றிருந்த இடத்தில் அவர் பாணி பரவியது. அடுத்து 1935இல் அயர்லாந்து அரசு பொது நடனத்துக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. பாதிரிமார் அழுத்தமும் சேர, வீட்டுச் சமையலறையில் நடந்த ஆட்டம் ஊர் மண்டபத்துக்கு நகர்ந்தது. மண்டபத்துக்கு ஒரு ஃபிடில் எட்டாது. பியானோ, டிரம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பேர் வாசிக்கும் 'கேலி பேண்டு' பெருகியது. கேலி என்றால் அங்கே ஆட்டபாட்டக் கூடுகை, நம் கேலியோடு சம்பந்தமில்லை. மூன்றாவது, வேலைக்காக லண்டன் போன ஐரிஷ்காரர்கள் போருக்குப் பின் அங்கே மதுக்கடைகளில் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். ஆயிரமாண்டு வழக்கம் என்று சுற்றுலாப் பயணிகள் நம்பும் 'பப் செஷன்' இப்படிப் புலம்பெயர்ந்த இடத்தில் வேர் பிடித்ததுதான்.

இனி பேண்டு. ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளருக்குக் கேலி பேண்டின் சத்தம் பிடிக்கவில்லை. கவிழ்த்த ஜாடிக்குள் மாட்டிக்கொண்ட ஈயின் ரீங்காரத்தோடு அதை ஒப்பிட்டார். எல்லாரும் எல்லா நேரமும் ஒன்றாக வாசிக்க வேண்டுமா என்பதுதான் அவருடைய கேள்வி. 1960 வாக்கில் கியோல்டோரி கூலன் என்ற குழுவை அமைத்தார். குழலை முன்னால் விட்டார், ஃபிடிலை நிறுத்திவைத்தார், பிறகு இருவரையும் சேர்த்தார். பெரும்பாலும் குளிர்காலத் தெருக்கூத்தோடு புழங்கிய பௌரானை மேடைக்கு ஏற்றியவரும் அவர்தான். அதில் பைப் வாசித்த பேடி மொலோனி 1962இல் தொடங்கியதுதான் சீஃப்டன்ஸ். உலகத்துக்கு இந்த இசையைத் தெரியவைத்த குழு. 2021இல் மொலோனி இறக்கும் வரை அவரே அதன் அச்சாணி.

ஆனால் இன்றைய பேண்டின் ஒலியை உண்மையில் கட்டியவர்கள் அடுத்த தலைமுறை. 1972இல் பிளாங்க்ஸ்டி, 1975இல் பாத்தி பேண்ட். இரண்டிலும் டோனல் லன்னி இருந்தார், அவர் கையில் கிரேக்க வாத்தியமான புசூகி. 1960களின் நடுவில் ஜானி மொய்னிஹன் அதை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார். பிறகு முதுகைத் தட்டையாக்கி, சுருதி மாற்றி, ஐரிஷ் வாத்தியமாகவே ஆக்கிவிட்டார்கள். இன்று அதைத் தொன்மையான செல்டிக் நரம்பிசை என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். பீட்டில்ஸ் காலத்து வரவு அது. பாத்தி பேண்ட் ஐந்து வருடம்கூட நீடித்திருக்காது. ஆனால் முன்னால் பைப், குழல், ஃபிடில் மூன்றும் ஒரே மெட்டில் பாய, பின்னால் புசூகியும் கிதாரும் கிளாவினெட் என்ற மின் கீபோர்டும் இஞ்சின் மாதிரி ஓட்டும் அந்த அமைப்பை இன்றும் குழுக்கள் விடவில்லை.

அடியில் என்ன ஓடுகிறது என்று சொன்னேன் இல்லையா, அதற்கு இப்போது வருகிறேன். கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்கு இங்கே ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

ஆறு துளை டின் விசில் ஒன்றை எடுங்கள். விலை மலிவு, 'டி' சுருதியில் வரும். கீழிருந்து மேலே ஒவ்வொரு விரலாக எடுத்தால் வருவது மேஜர் ஸ்கேல், அதாவது சங்கராபரணத்தின் ஸ்வர ஸ்தானங்கள். அதே துளைகளை வைத்துக்கொண்டு, இரண்டாவது ஸ்வரத்தில் போய் உட்காரும்படி ஒரு மெட்டு அமைந்தால்? ரிஷபத்தில் கிரக பேதம். கரகரப்பிரியா. அவர்கள் அதை 'ஈ டோரியன்' என்பார்கள். பஞ்சமத்தில் உட்கார்ந்தால் அரிகாம்போதி. அவர்கள் மொழியில் 'ஏ மிக்சோலிடியன்'. ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பாலானவை இந்த மூன்று நான்கு வீடுகளுக்குள் அடங்கும். ஸ்காட்லாந்து மெட்டுகளில் ஐந்து ஸ்வரத்தோடு நிற்பவை நிறைய. மோகனத்தின் சாயலைப் பல இடத்தில் உணர்வீர்கள். ஒரு டோரியன் ரீலிலிருந்து மேஜர் ரீலுக்குப் பேண்டு தாவும்போது கேட்பவர் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும். விசிலில் ஒரு துளைகூட மாறியிருக்காது. ஷட்ஜம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஷட்ஜத்தைக் காட்டுவது யார்? தனியாக வாசித்த காலத்தில் மெட்டே காட்டியது, அல்லது பைப்பின் ட்ரோன் காட்டியது. ட்ரோன் என்பது நாகசுரத்துக்கு ஒத்து மாதிரி. அயர்லாந்தின் இல்லின் பைப்பில் காற்று ஊதுவதில்லை. முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தி கட்டிக்கொண்டு அமுக்குவார்கள். 'இல்லின்' என்றாலே முழங்கை சம்பந்தப்பட்டது. பேண்டு வந்தபின் இந்தப் பொறுப்பு கிதார், புசூகி கைக்குப் போனது. அங்கேதான் விளையாட்டு. அதே மெட்டை ஃபிடில்காரர் ஒரு ஸ்வரமும் மாற்றாமல் வாசித்துக்கொண்டிருப்பார். கிதார்காரர் முதல் சுற்றில் ஒரே சுருதியைத் தட்டிக்கொண்டிருப்பார். இரண்டாம் சுற்றில் அடித்தந்தியை வேறு ஸ்வரத்துக்கு இறக்குவார். வெயிலில் நின்ற மெட்டு சட்டென்று நிழலுக்குள் போன மாதிரி இருக்கும். அவர்கள் கிதாரைச் சாதாரணமாகச் சுருதி சேர்ப்பதும் குறைவு. டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றிக்கொள்வார்கள். 1960களில் டேவி கிரஹாம் என்ற கிதார்காரர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. திறந்த தந்திகளில் காந்தாரமே இல்லை. அதனால் அது மேஜரா மைனரா என்று தீர்ப்புச் சொல்லாது. மெட்டு சொல்லும் வரை காத்திருக்கும். கரகரப்பிரியாவுக்கும் சங்கராபரணத்துக்கும் நடுவில் ஓடுகிற இசைக்கு இதைவிடப் பொருத்தமான தந்தி அமைப்பு எனக்குத் தெரியாது.

ஒன்றில் மட்டும் நம் காது ஏமாறும். அவர்களுடைய அலங்காரத்தைக் கமகம் என்று நினைத்துவிடுவோம். நான் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் கமகம் ஸ்வரத்தின் உடம்பு. அதை எடுத்துவிட்டால் ராகமே இல்லை. அவர்களுடைய 'கட்', 'ரோல்' எல்லாம் நிறுத்தக்குறி மாதிரி. காரணம் பைப்பில் இருக்கிறது. ஸ்காட்லாந்து பைப்பில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த முடியாது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. ஒரே ஸ்வரம் இரண்டு தடவை வர வேண்டுமென்றால் நடுவில் வேறொரு விரலைச் சுண்டி வெட்டத்தான் வேண்டும். அந்தச் சுண்டல்தான் கட். அந்த விரல்பழக்கம் குழல், விசில், ஃபிடில் எல்லாவற்றிலும் காணலாம். ரோல் என்றால் ஸ்வரம், மேலே ஒரு சுண்டல், ஸ்வரம், கீழே ஒரு தட்டல், மறுபடி ஸ்வரம். தகிட என்று சொல்லி முடிப்பதற்குள் ஐந்தும் முடிந்துவிடும். காதுக்கு அது ஸ்வரமாகக் கேட்காது, உருண்ட தாளமாகக் கேட்கும்.

மற்ற செல்டிக் நாடுகளைப் பற்றி இரண்டே வரி. பிரிட்டனியில் ஆலன் ஸ்டிவெல் 1970களில் ஹார்ப்போடு மின்கிதாரைச் சேர்த்து ஓர் அலையைக் கிளப்பினார். அங்கே ஊர் கூடி இரவு முழுக்கக் கைகோத்து ஆடும் ஃபெஸ்ட்-நோஸ் 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பேண்டுகள் தங்கள் செட்டில் ஒரு பிரிட்டனி மெட்டைச் செருகுவது இப்போது சகஜம். வட்டமாக, முடிவில்லாமல் சுற்றுகிற மாதிரி ஒன்று திடீரென்று வந்தால் அதுவாக இருக்கலாம்.

'நவீனம்' என்று அட்டையில் போடுவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று அமைப்பு புதிது. 1990களின் கடைசியில் வந்த லூனசாவைக் கேளுங்கள்: குழல், ஃபிடில், பைப், அடியில் டபுள் பேஸ். டிரம்மே இல்லாமல் அந்த பேஸ் ஒன்றே தரையை அதிரவைக்கும். ஸ்காட்லாந்தின் மார்ட்டின் பென்னட், 2005இல் 33 வயதில் இறந்தவர், பழைய ஒலிப்பதிவுகளையும் நடனவிடுதித் தாளத்தையும் இணைத்தார். 2011இல் சேர்ந்த த குளோமிங், மார்ட்டின் ஹேய்ஸின் ஃபிடிலைப் பியானோவோடு வைத்து, ரீல் ஒன்றை ஆலாபனை மாதிரி மெல்ல அவிழ்த்தது. என் ருசிக்கு இவர்களே மேல். வேகம் காட்டுவதையே வேலையாக வைத்திருக்கும் பேண்டுகள் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். உங்கள் பத்தாவது நிமிட அலுப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, மெட்டே புதிது. இங்கேதான் பழசு-புதுசு கோடு அழிந்துபோகிறது. கிழக்கு கால்வேயில் பேடி ஃபஹி என்று ஒரு ஃபிடில்காரர், 2019இல் காலமானார். அவர் நிறைய மெட்டு போட்டார், எதற்கும் பெயர் வைக்கவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'பேடி ஃபஹியின் ரீல்', 'பேடி ஃபஹியின் ஜிக்'. செஷனில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "எந்த பேடி ஃபஹி?" பதிலாக முதல் நாலு ஸ்வரத்தை வாசித்துக் காட்டுவார்கள். உங்கள் ஆல்பத்தில் 'பாரம்பரியம்' என்று போட்டிருக்கும் மெட்டுகளில் ஒன்றிரண்டு, இயற்றியவர் பெயர் வழியில் தொலைந்துபோன இருபதாம் நூற்றாண்டு மெட்டுகளாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கர்நாடக சங்கீதம் தெரியும் என்றதால் கடைசியாக ஒன்று. இந்த மெட்டுகளில் சில நம்மூருக்கு இருநூறு வருடம் முன்பே வந்துவிட்டன. சென்னைக் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்ததைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்யம் அமைத்த நோட்டுஸ்வரங்கள் ஏறக்குறைய 40 உண்டு. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து மன்னர் வாழ்த்தின் மெட்டு என்பது பலருக்குத் தெரியும். 'ஜகதீச குருகுஹ' பாடல் 'லார்டு மக்டானல்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து மெட்டில் அமைந்தது. ஃபிடிலை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவரும் அவர் தம்பி பாலுசுவாமிதான். அந்த ரீலைப் பேண்டு வாசித்த பதிவையும் நோட்டுஸ்வரத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒன்றில் ஆடத் தோன்றும், மற்றொன்றில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற வாத்தியார் ஞாபகம் வரும். ஸ்வரங்கள் உறவுக்காரர்கள்தான்.

உங்கள் ஆல்பத்தை மறுபடி போடுங்கள். ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தகதிமியா தகிடவா என்று பாருங்கள். பிறகு பகுதிகளை எண்ணுங்கள்: ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு. மூன்றாவது சுற்றின் கடைசி இரண்டு பாரில் காதை நன்றாகத் திறந்து வையுங்கள். பின்னணி கொஞ்சம் இறுகும், அல்லது சட்டென்று நின்று மூச்சு வாங்கும். மேடைப் பதிவு என்றால் யாராவது ஒருவர் "ஹப்!" என்று கத்துவார். புது மெட்டு அந்த இடத்தில் நுழைந்திருக்கும்.